மேல சேர்த்த விண்ணப்பம்

என் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எனக்கு வந்த கேடு. அச்சடித்ததுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காக யாரும் ஒரு பென்சில்கூடத் தரவில்லை. போடியில் எங்கள் சபைதான் அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது.

சபை என்றதும் கோபுரம், மணி என்று நினைக்க வேண்டாம். ஓடு போட்ட ஒரு நீளக் கூடம். நாற்பது குடும்பங்கள். போதகர் வேறு ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை நற்கருணை கொடுக்க வருவார். மற்ற நாட்களில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கு இருந்தது ஒரு சைக்கிள், ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு வேதப்புத்தகம். மலையில் ஏலத்தோட்டங்களில் வேலை செய்த எங்கள் சபைக் குடும்பங்களும் அவர் பொறுப்புதான். வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போவார்.

போடியில் 'மேல' என்றால் மலை. "அவுக மேல போயிட்டாக" என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஆள் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். தோட்டத்துக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை இறங்கிவிடுவார், அவ்வளவுதான் அர்த்தம்.

சபையில் இன்னொரு சொல் புழங்கியது, விண்ணப்பம். கூடத்தின் முன்பக்கம் மூடியில் கீறல் போட்ட ஒரு பிஸ்கட் டின் இருக்கும். யாருக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு தாளில் எழுதி அதில் போடுவார்கள். அதுதான் விண்ணப்பம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து ஜெபிப்பார். அத்தோடு விடமாட்டார். கேட்டது கிடைக்கும்வரை அந்தத் தாள்களை வேதப்புத்தகத்துக்குள் வைத்து மேலே கொண்டுபோவார். அங்கே லயங்களில், வரிசையாகக் கட்டிய அந்தத் தோட்டத்து வீடுகளில், ஒவ்வொரு குடும்பமும் அதன்மேல் கை வைத்து ஜெபிக்க வேண்டும். அவர்கள் விண்ணப்பம் கீழே வரும். நாங்கள் கை வைப்போம். சிலர் வெட்கப்பட்டுக் கவரில் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். ஒட்டிய கவரை உபதேசியார் பிரிக்கவே மாட்டார். "உள்ள இருக்கறது அவுகளுக்கும் ஆண்டவருக்கும்" என்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

எழுதத் தெரியாதவர்களுக்கு இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தது நான். கொஞ்ச நாளில் மற்ற விண்ணப்பங்களும் என்னிடமே வர ஆரம்பித்தன. கண்டக்டர் லைசென்சு, ஹாஸ்டல், ஐ.டி.ஐ., நர்ஸ் பயிற்சி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழ முடியாது.

"மச்சம் ரெண்டு சொல்லணும்ணே" என்றேன் ஒருநாள், கண்டக்டர் வேலைக்கு எழுத வந்தவரிடம்.

"கழுத்துல ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"அத வச்சு டிக்கெட்டா கிழிக்கப் போறேன்? ஒண்ணு போதாதா?"

"ரெண்டு கேட்டுருக்காக."

அவர் மனைவி பின்னாலிருந்து, "நீ பேனாவ எடு ஆத்தா, நான் சொல்றேன்" என்றாள். பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அந்த வேலை அவருக்குக் கிடைத்தது.

நான் எழுதியது பெரும்பாலும் கிடைத்தது. கையெழுத்து தெளிவாக இருந்தது, கேட்ட தாளெல்லாம் சேர்த்து வைத்தேன், கடைசித் தேதிக்கு முன்னால் நானே நடந்துபோய்த் தபாலாபீசில் போட்டேன். வேறு ரகசியம் இல்லை. சபையில் "கைராசிக்காரி" என்றார்கள். உபதேசியாருக்கு அந்தச் சொல் பிடிக்காது. "ராசியாவது ஒண்ணாவது. இது ஊழியம். பிள்ள ஊழியம் செய்யுது" என்று திருத்துவார். ஊழியம் என்றால் ஆண்டவருக்குச் செய்கிற வேலை. மறுநாள் காலையில் நான் செய்யப் போகிற வேலைக்கு அவர் என்ன பெயர் வைப்பார் என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

அந்த வேலை ஏலக்காய் பொறுக்குவது. கிட்டங்கியில், வியாபாரியின் சரக்குக் கிடங்கில், ஐம்பது அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மடியில் சுளகு. பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பூச்சி விழுந்தது ஒரு பக்கம். ஜன்னல் திறந்தால் காய் வெளுத்துவிடும் என்று சாத்தியே வைத்திருப்பார்கள். அந்த இடம் முதலில் என் அம்மாவுடையது. தூசி அவள் நெஞ்சில் இறங்கி மூச்சு முட்ட ஆரம்பித்தது. நான் பதினோராம் வகுப்பு முடித்த கையோடு அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்து குழிந்த சாக்கிலேயே உட்கார்ந்தேன். வாசனை நல்ல வாசனைதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதையே மூக்கில் இழுத்தால் சோறு இறங்காது.

எனக்கு டீச்சர் ஆக வேண்டும். இதில் பெரிய கனவு ஒன்றும் இல்லை. நின்றுகொண்டு செய்கிற வேலை, ஜன்னல் திறந்த அறை, எழுத்துக்குச் சம்பளம். மிஷன் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அவர்கள் விண்ணப்பத்தாளைத் தபாலில் அனுப்பமாட்டார்கள். யாராவது நேரில் போய் வாங்கி வர வேண்டும். ஒருவருக்கு ஒரு தாள். முதல் தடவை என் சித்தப்பா போய் வாங்கி வந்தார். அதை நான் கிட்டங்கியில் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்தவளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளும் எங்கள் சபை. அவள் வீட்டில் அவளைத் தேவாரம் ஊரில் ஒரு வயசானவருக்குக் கட்டிவைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொறுக்கிக்கொண்டே அழுதாள். கண்ணீர் காயில் விழுந்தால் புள்ளி விழும் என்று கணக்கப்பிள்ளை ஏசினார். அன்றைக்குச் சாயங்காலம் தாளைக் கொடுத்து, நானே நிரப்பி, நானே அனுப்பினேன். அவளுக்கு இடம் கிடைத்தது.

நல்ல மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒருத்தி மூழ்கும்போது கையில் கயிறு இருந்தால் போட்டே ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் சொல்லி வளர்த்தார்கள். போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணம் இல்லாமல் சண்டை போட்டேன்.

அடுத்த வருடம்தான் எனக்குக் கடைசி. அதற்கு மேல் வயது தாண்டிவிடும். சித்தப்பா திரும்பப் போய் வாங்கி வந்தார். நிரப்பினேன். என் பெயரை நானே அந்தக் கட்டங்களில் எழுதியபோது முதல் எழுத்து கோணலாகிவிட்டது. அந்த வருடத் தாளில் புதிதாக ஒரு நிபந்தனை இருந்தது. போதகர் கையெழுத்துப் போட்டு அவரே பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அந்த மாதம் அவர் வரவில்லை, காய்ச்சல். உபதேசியார் அவரைப் பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தாளை மடித்துக் கவரில் வைத்தேன். கிட்டங்கிப் பெண்கள் கண்ணில் படக் கூடாதென்று ஒட்டினேன். போதகர் பிரித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பு தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உபதேசியார் கையில் கொடுத்தேன்.

"என் விண்ணப்பம். மறக்காம மேல சேத்துருங்க."

"ஒன்னோடதா" என்றார். கண் கலங்கியது. "இத்தன வருஷத்துல நீ ஒனக்குன்னு ஒண்ணு குடுத்ததே இல்ல தாயி. மேல சேத்துர்றேன். ஒரு வாரங்கூட விடமாட்டேன்."

அந்த 'ஒரு வாரங்கூட விடமாட்டேன்' என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காத்திருந்தேன். தபால்காரர் எங்கள் தெருவில் நுழையும் நேரம் நான் கிட்டங்கியில் இருப்பேன். சாயங்காலம் வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் தலையை ஆட்டுவாள். ஞாயிறு மற்றவர்களுக்கு எழுதுவேன். அவர்களுக்கு வந்த இன்டர்வியூ கார்டுகளை வாசித்துக் காட்டுவேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

பக்கத்துச் சாக்குக்காரி லீவில் வந்தாள். கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். சுளகும் கையுமாக இருந்த என்னைக் கிட்டங்கி வாசலுக்குக் கூப்பிட்டு, "நீ இந்த வருஷம் போடலையாடி?" என்றாள்.

"போட்டேனே."

"இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவுக பேரெல்லாம் போர்டுல ஒட்டிட்டாக. ரெண்டு தடவ பாத்தேன். ஒன் பேரு இல்ல."

சுளகை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். கணக்கப்பிள்ளை கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

உபதேசியார் கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் விண்ணப்பம் என்னாச்சு?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். போன எடமெல்லாம் கொண்டு போனேன் தாயி."

"எங்க கொண்டு போனீக?"

"மேலதான். குரங்கணியில எல்லா வீட்டுலயும் கை வச்சாச்சு. அதுக்கு அங்கிட்டு ரெண்டு தோட்டம். ஸ்டோருல காய் உலர்த்துற ஆளுக கூட வேலைய நிப்பாட்டிட்டு வந்து வச்சாக." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் என் கவர் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி. மூலைகள் மழுங்கியிருந்தன. மேலெல்லாம் பெருவிரல் தடங்கள், காய் பறிக்கிற கையில் ஏறிப் போகாமல் நிற்கிற அந்தக் கறுப்புக் கறை. வாங்கினேன். ஸ்டோர் புகை நாற்றம் அடித்தது.

"இது ஜெபத்துக்கு இல்ல" என்றேன்.

"பின்ன?"

கிழித்தேன். அவர் முதலில் பார்த்தது தாளில் ஒட்டியிருந்த என் போட்டோவை. பிறகு மேலே அச்சடித்திருந்த பள்ளியின் பெயரை. சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேல சேக்கச் சொன்னியே தாயி."

"மேலன்னா போதகருக்கு."

"நான்... தபாலுக்குன்னா நீ ஒன் கையாலதான போடுவ. எல்லாருக்கும் நீதான போடுவ. அதான்..."

அவர் சொன்னது உண்மை. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"அம்பது பேரு கை பட்டுருக்கு. ஒரு தபால் முத்திர படல" என்றேன். "ஒங்க ஜெபத்தக் கொண்டுபோயி ஓடையில கொட்டுங்க."

அவர் தாளை வாங்கக் கையை நீட்டினார். செயின் எண்ணெய் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்சில் போதகரிடம் போனார். சாயங்காலம் வந்து எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "தாள் வாங்குறது முடிஞ்சுபோச்சாம். அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு" என்றார்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அம்மா உள்ளே இருமிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு அவர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னார். "தப்பு எம்மேல" என்றார்.

"ஆமா" என்றேன், நான் இருந்த இடத்திலிருந்தே. அம்மா தொடையைக் கிள்ளினாள்.

"பிள்ள சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

அதோடு விட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆறுதலாம். "எல்லாம் அவரு சித்தம் மதினி." "நீ போயிட்டா எங்களுக்கு யாரு எழுதுவா?" "ஆண்டவர் ஒன்ன எங்களுக்குன்னு இங்கயே வச்சுக்கிட்டாரு." சொன்னவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கு நிம்மதி. என்மேல் பிரியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிம்மதி. நாற்பது குடும்பமும் சேர்ந்து என்னைக் கூண்டில் விட்டு, தாழ்ப்பாளுக்கு ஆண்டவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

எழுதுவதை நிறுத்தினேன். ஞாயிறுதோறும் வந்தேன், பாடினேன், கடைசி பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாளோடு வந்தவர்களிடம் "கை வலிக்குது" என்றேன். பொய். இரண்டு மாதம் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஜெபிக்கவும் இல்லை. கண்ணை மூடினால் கறுப்புப் பெருவிரல்கள்தான் வந்தன. அவற்றின்மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் பெரிய இம்சை. எனக்குக் கெடுதல் நினைத்தவன் ஒருத்தன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டுத் தூங்கலாம். இங்கே அத்தனை பேரும் நல்லது நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது மாதக் கடைசியில், ஒரு ஞாயிறு, மேலேயிருந்து ஒருத்தி வந்தாள். குரங்கணிக்கு அங்கிட்டுத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள். மலையிலேயே கிடந்து பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது. நேரே என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எழுத்துக்காரப் பிள்ள நீதான? டீச்சர் வேல கெடச்சுச்சா?"

தாள் போய்ச் சேராததை யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒட்டிய கவருக்குள் என்ன இருந்ததென்று உபதேசியார் அடுத்த தடவை மேலே போனபோது சொல்லியிருக்கிறார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கெடைக்கல" என்றேன்.

"கெடைக்கும் கேட்டோ. நான் தெனம் சொல்லிட்டுத்தான் வர்றேன். காய் பறிக்கிறப்ப ஒவ்வொரு செடிக்கும் ஒருதரம்."

"வயசு தாண்டிப்போச்சு. இனிமே கெடைக்காது."

"அப்படியா" என்றாள். "சரி, நிப்பாட்டச் சொல்றியா?"

கேட்டுக்கொண்டே அவள் மடியை அவிழ்த்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மகளை ஹாஸ்டலில் சேர்க்கிற தாள். "மகளும் காய் பறிக்க வேண்டாம்னு பாக்கேன். நாளையோட கடைசியாம். ஜீப்பு மூணு மணிக்குக் கெளம்பிரும்."

கை வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். பெருவிரலில் கறுப்புக் கறை. என் கவரில் பார்த்ததே அந்த விரலா என்று தெரியாது. இருக்கலாம்.

பேனாவை எடுத்தேன். பாசம் பொங்கி எடுக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிறுமி என்ன பாவம் செய்தாள் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஆண்டவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. கோபத்தோடேயே அவர் சொன்னதைச் செய்ய முடிகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. எண்பதுகள் முடியும்வரை, அம்மா செத்த பிறகும், அதே சாக்கில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டும் அப்படித்தான் செய்தேன். உபதேசியாரோடு பேச எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

எழுதி முடித்துக் கவரில் வைத்ததும் அவள், "உபதேசியார்கிட்ட குடுத்து..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்" என்றேன். "எந்திரி."

அவளைத் தபாலாபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு, கதவு சாத்தியிருந்தது, வெளியே சிவப்புப் பெட்டி மட்டும். நாளைக் காலையில் முதல் பையில் போய்விடும், உள்ளூர் ஹாஸ்டல்தான், மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடும். கவரை அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் அதைப் பெட்டியின்மேல் வைத்து, அதன்மேல் கையை வைத்து, கண்ணை மூடிவிட்டாள்.

"ஜெபம் பெறகு" என்றேன். "மொதல்ல கவர உள்ள விடு."

விட்டாள். விழுந்த சத்தம் கேட்டது. நம்பாமல் நான் பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். மாட்டிக்கொண்டு எதுவும் இல்லை.

"இப்ப ஜெபிக்கலாமா?" என்றாள்.

"ஜெபி. வெரசா. ஜீப்பு போயிரும்."

ஒரு கையைப் பெட்டிமேல் வைத்தாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்காக இரண்டே வரி. பிறகு, "இந்தப் பிள்ளைக்கு டீச்சர் வேலை குடும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள்.

"வயசு தாண்டிப்போச்சுன்னு சொன்னேன்ல" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அவருக்குத் தெரியட்டுமே" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கையை உருவப் பார்த்தேன். காய் பறிக்கிற கை, பிடி இறுகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜீப்பு ஹாரன் அடித்தது. அவள் விடவில்லை.